கூறு வைத்த மாத்திரை

நான் நர்ஸ் இல்லை. எனக்கு ஊசி போடத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதும், அதை ஒழுங்காகத் தின்கிறார்களா என்று பார்ப்பதும்தான் என் வேலை. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் எனக்கு நர்சம்மா என்றுதான் பெயர். முதலில் திருத்திப் பார்த்தேன். "சரி நர்சம்மா" என்றார்கள்.

அங்கே ஒருவருக்கு நோய் இருந்தது. நாற்பதைத் தாண்டாத வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள். காட்டில் கிழங்கு தோண்டுவார், பருவத்தில் தேன் எடுப்பார், மற்ற நாட்களில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போவார். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் கீழே இறங்கி வந்தார். ஆறு மாதம் தவறாமல் மாத்திரை தின்றால் பிழைத்துக்கொள்வார், விட்டு விட்டுத் தின்றால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அவரைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதை அவருக்குச் சொன்னேன், அவர் மனைவிக்குச் சொன்னேன், வாசலில் கூடிய எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

தினமும் மலையேற முடியாது. உத்தமபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பாதை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அதனால் மாத்திரை அட்டைகளை அவர் மனைவியிடம் கொடுத்து, தினமும் காலையில் கண் முன்னால் விழுங்க வைக்கச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அட்டை காலியாக இருந்தது. ஆனால் ஆள் தேறவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தார்.

ஒருநாள் பக்கத்து மலையில் இருந்த இன்னொரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அங்கேதான் இருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார். "நர்சம்மா, ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகுது. எம் பொண்டாட்டிக்கும் அப்படித்தான்."

காசநோய் மாத்திரையைத் தின்றால்தான் சிறுநீர் அப்படிச் சிவக்கும்.

"என்னத்தத் தின்னீக?"

"அக்கா வீட்டுல இருந்து மாத்திர குடுத்து விட்டாக. நாங்களும் இருமுறோமுல்ல."

அன்றிலிருந்து கண்ட ஆட்களிடமெல்லாம் சிறுநீரின் நிறத்தை விசாரித்துக்கொண்டு திரிந்தேன். என்ன ஒரு கௌரவமான உத்தியோகம்! நோயாளியின் எதிர்வீட்டுக் கிழவர், சிவப்பு. தேனெடுக்கக் கூடப் போகிற கூட்டாளி, சிவப்பு. எல்லை தாண்டி கேரளத்து ஏலத்தோட்டத்தில் இருந்த மனைவியின் அக்கா குடும்பத்துக்கும் போன வாரம் வரை சிவப்பு. இரண்டு மலை, ஒரு மாநில எல்லை தாண்டி அந்த மாத்திரை போயிருந்தது. கடைசியில் நோயாளியிடமே கேட்டேன்.

"எனக்கு மஞ்சளாத்தான் போகுது நர்சம்மா" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

அடுத்த முறை அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவள், பாதி வழியில் திரும்பிப் போனேன். முற்றத்தில் தேக்கிலைத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் செங்கல் நிற மாத்திரை, பக்கத்தில் அவர் உடம்பு தேறட்டும் என்று நான் கொண்டுபோயிருந்த கடலை மிட்டாய். மனைவிதான் கூறு வைத்துக்கொண்டிருந்தார். கிழங்கு வந்தாலும் தேன் வந்தாலும் அங்கே இப்படித்தான். வீட்டுக்கு ஒரு கூறு, வராத ஆளுக்கும் ஒரு கூறு, கூறு வைத்தவர் எடுப்பது கடைசியில். நோயாளி ஒரு ஓரமாக உட்கார்ந்து, எல்லோரும் எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும் என்று வீட்டில் சொல்வார்கள். "அறிவிருக்கா ஒங்களுக்கு? அவரக் கொல்லுறீங்க!" என்று கத்தினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் போய்விட்டார்கள். சத்தம் போடுகிற இடத்தில் அவர்கள் நிற்பதில்லை. நோயாளியும் எழுந்து இருமிக்கொண்டே போனார். காலி வீடுகளைப் பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, வெட்கமாகி நிறுத்தினேன்.

மாத்திரை தின்ற அத்தனை பேரின் சளியையும் எடுத்துச் சோதித்தோம். ஒருவருக்கும் நோய் இல்லை. அடுப்புப் புகை, பனி, அவ்வளவுதான். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "மாத்திர தின்னதாலதான் வரல" என்று கிழவர் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மனைவியிடம் தனியாகப் பேசினேன். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. "கேக்குறவகள்ட்ட இல்லைன்னு சொல்லக் கூடாதா ஆத்தா? ஒங்க புருசன் உசுரு இது."

அவர் நான் எதிர்பார்த்ததுபோல அழவில்லை. "கேக்கவே மாட்டாக நர்சம்மா. பாப்பாக, அம்புட்டுத்தான்" என்றார். பிறகு, "அவரு மட்டும் பொழச்சு, மத்தவக இல்லாமப் போனா, அவரு யாரோட இருப்பாரு?" என்று கேட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் வளவில், ஒரே மதிலுக்குள், பங்காளிகள் நான்கு வீடு. நான்கு மோட்டார், நான்கு பூட்டு. கோடையில் ஒரு வீட்டுத் தொட்டி வழிந்து ஓடும்போது அடுத்த வீட்டில் குடம் காலியாக இருக்கும், யாரும் கேட்க மாட்டோம், யாரும் கொடுக்க மாட்டோம். இந்தப் பாடத்தைத்தான் நான் மூச்சு வாங்க மலையேறிப் போய் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னுடையதை நீ மட்டும் தின்னு. அந்த ஒருவரின் உயிருக்கு வேறு வழியும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி அவரைத் தேனிக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே கண் முன்னால் மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு, முட்டை. நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சில நாட்களில் அவரைப் படுக்கையில் காணவில்லை என்று போன் வந்தது. பழனிசெட்டிபட்டி பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தேன். அங்கே வரை நடந்தே வந்து, முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் வந்துட்டீக?"

"சோறு நல்லாத்தான் போடுறாக. ஆனா ஆளாளுக்குத் தனித்தனியாத் திங்கிறாக நர்சம்மா. பக்கத்துக் கட்டிலுக்குத் தொணைக்கு வந்தவரு சாப்பிட ஒண்ணும் இல்லாம உக்காந்திருக்காரு. முட்டயக் குடுத்தேன், குடுக்கக் கூடாதுன்னுட்டாக." இருமல் அடங்கும்வரை காத்திருந்தேன். "அவரு பாத்துக்கிட்டு இருக்கையில எனக்குத் தொண்டையில எறங்கல" என்றார்.

திரும்பப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் மறுக்கவில்லை, சண்டை போடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் கம்பம் பஸ்ஸில் அவரோடு நானும் ஏறினேன். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள், பயந்தது நடந்தது. கிருமி பழைய மருந்துக்கு மசியவில்லை. புது மாத்திரைகள் வந்தன, பெரிது பெரிதாக. அப்போது அவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவதே ஆபத்து என்கிற நிலைமை. "நுரையீரல் ரொம்பப் போயிருச்சு, இருந்தாலும் குடுத்துப் பாருங்க" என்றார் டாக்டர். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மலையேறினேன்.

போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். மச்சினன் குடும்பம், கேரளத்துத் தோட்டத்திலிருந்து மனைவியின் அக்கா, கூட்டாளி, எதிர்வீட்டுக் கிழவர். மாத்திரை போன வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். யார் சொல்லி அனுப்பியது என்று தெரியவில்லை. கூறு வாங்க வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன், அவ்வளவு கேவலமாக.

மச்சினன் முன்னால் வந்தார். "நாங்க பேசிக்கிட்டோம் நர்சம்மா. நாங்க பாக்குறதுனாலதான அவருக்கு எறங்க மாட்டேங்குது? நாங்க பாக்கல. நீங்க குடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார். ஒவ்வொருவராக எல்லோரும் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். பிள்ளைகளின் தலையைப் பிடித்து மலைப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். வாசலில் படுத்திருந்தவரின் தலையை மடியில் வைத்திருந்த மனைவியும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

மாத்திரையை உடைத்து, நுனிநாக்கில் வைத்து, தண்ணீர் விட்டேன். அவர் தின்னத்தான் முயன்றார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். தண்ணீர் கடைவாயில் வழிந்தது, அதோடு மாத்திரையும் வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி வந்தது. இவர் இன்னொரு காலையைப் பார்க்க மாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"உள்ள போயிருச்சா நர்சம்மா?" திரும்பாமலே மச்சினன் கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"அவர அவசரப்படுத்தாதீக. எம்புட்டு நேரமானாலும் நாங்க இப்படியே நிக்கிறோம்."