மிஸ்ஸுக்கு ஒரு நாற்காலி

போன வியாழக்கிழமை ஒருவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் முழங்கால்களைப் பற்றித் தெரியும். இரண்டும் சரியில்லை. திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவன் நான். கல்யாண மண்டபத்தில் நுழைந்தால்கூட, மணமக்களைத் தேடுவதற்கு முன்னால் காலி நாற்காலியைத்தான் தேடுவேன். அப்படிப்பட்டவன், எதிரே குஷன் வைத்த நாற்காலி இருந்தும், ஏன் நின்றுகொண்டே இருந்தேன்?

சொல்கிறேன்.

என் பேத்தி கனிஷ்கா எல்.கே.ஜி. படிக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன நர்சரிப் பள்ளி. மகனுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மருமகள் ரேவதிக்கும் அங்கேயே ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை. அதனால் குழந்தையைக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் என் பொறுப்பு.

வகுப்பு ஆசிரியை ஜெயந்தி மிஸ். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர். ஜூன் மாதம் முழுக்கக் கனிஷ்கா பள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே மிஸ் மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஜூலையில் அழுகை நின்றது. ஆகஸ்டில் மறுபடி அழுதாள் — ஞாயிற்றுக்கிழமை ஏன் ஸ்கூல் இல்லை என்று.

இதற்கு நன்றி சொல்ல வேண்டாமா?

மார்ச் பிறந்ததும் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் பேச்சு ஆரம்பித்தது. மிஸ்ஸுக்கு என்ன கிஃப்ட் கொடுக்கலாம்? ரேவதி என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். இரண்டே நாளில் நூற்றுப் பதினான்கு செய்திகள். எண்ணினேன். அவற்றில் பாதி கும்பிடும் கைகள். மீதியில் புடவை என்றார் ஒருவர். கலர் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். பிள்ளைகளின் போட்டோ போட்ட சுவர்க்கடிகாரம்... பெயர் பொறித்த காபி கப்... வெள்ளி முலாம் பூசிய பிள்ளையார்... போன வருடம் ஒரு கிறிஸ்தவ மிஸ்ஸுக்குப் பிள்ளையார் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையை ஒரு அம்மா சொன்னதும், பிள்ளையார் விலகிக்கொண்டார்.

இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூற்றுப் பதினான்கில் ஒன்றுகூட, மிஸ்ஸுக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல முன்னதாகவே பள்ளிக்குப் போய்விட்டேன். ஒருவேளை சீக்கிரம் விட்டுவிட்டால்? ஒருநாளும் விட்டதில்லை. இருந்தாலும் போவேன். ஜன்னலுக்கு வெளியே நின்றபோது மிஸ்ஸைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டு, ரைம்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கால் மாற்றினார். மறுபடி மாற்றினார். புடவைக் கரைக்குக் கீழே, கணுக்காலைச் சுற்றி க்ரேப் பேண்டேஜ்.

அறையில் இருந்த நாற்காலிகளை எண்ணினேன். இருபத்தாறு. எல்லாம் என் முழங்கால் உயரத்துக்கு, சிவப்பும் மஞ்சளுமாக. பெரியவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றும் இல்லை. பக்கத்து வகுப்பை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. ஒரு வருடமாக இதே ஜன்னலில் நிற்கிறேன். அந்த அறையில் எத்தனை டியூப்லைட், எத்தனை மின்விசிறி, எதில் சத்தம் வருகிறது — தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இல்லாததை எண்ண வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

பிள்ளைகள் வெளியே வந்ததும் மிஸ்ஸிடம் கேட்டேன். "நீங்க உக்காரவே மாட்டீங்களா மிஸ்?"

சிரித்தார். கண்ணாலேயே அறையின் மூலையைக் காட்டினார். அங்கே கேமரா.

"சேர் இருந்தா உக்காந்துகினே பாடம் எடுப்போமாம் சார். ரெண்டு வருஷம் முன்னாடி எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. வெளியேருந்து பாக்கிறவங்களுக்கு மிஸ் நின்னுகினு இருந்தாதான் மரியாதையாம்."

"கால்ல என்ன கட்டு?"

"நரம்பு சுருட்டிக்கிச்சி சார். டாக்டர்கிட்ட காட்டுனேன். நிக்கிற வேலைய வுட்டுடும்மான்றாரு." பேசிக்கொண்டே கனிஷ்காவின் தோளில் பையை மாட்டிவிட்டார். "ரயில்லயும் நின்னுகினுதான் வரேன், இங்கயும் நின்னுகினுதான் இருக்கேன். ஜூன்ல வருவனோ இல்லியோ தெரியல. புள்ளைங்க காதுல போட்டுடாதீங்க சார். இதுங்க ஏங்கிப்பூடும்."

வீட்டுக்கு வரும் வழியில் கனிஷ்கா ஏதேதோ கேட்டாள். என் கவனம் முழுக்க அந்தக் கால் கட்டின் மேல்தான்.

இரவு ரேவதியிடம் சொன்னேன். மிஸ்ஸுக்கு நாற்காலி வாங்கலாம்.

"சேரா? கிஃப்ட்டுன்னா கொஞ்சம் பார்வையா இருக்க வேணாமா மாமா?" என்றாள். காலைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவளே குழுவில் எழுதினாள்.

குழுவை நடத்துகிறவர் டேவிட். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்ப்பவர். அவரிடமிருந்து உடனே ஒரு குரல்பதிவு வந்தது. "இன்னா சார் இது, மிஸ்ஸுக்குப் போயி சேரா? கூட ஒரு பீரோவும் கட்டிலும் சேத்து வெச்சிட்டா சீர்வரிசையே முடிஞ்சிடும். மோளம் யாரு சொல்றது?"

போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"மொதல்லயே சொல்லக்கூடாதா சார்? நின்னுகினே வேல பாக்குறவன் சார் நானு. ஷிப்ட் முடிஞ்சி பைக்ல குந்துறப்பதான் எனக்கு உயிரே வரும். நல்ல சேரா பாப்போம். முதுகு சாயணும், கைய வெக்கணும்."

இருவரும் கடைக்குப் போனோம். ஒன்பது நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தேன். "பெரியவரே, படம் போட இன்னும் நேரம் இருக்குது," என்றார் கடைக்காரர். சக்கரம் வைத்தது வேண்டாம், பிள்ளைகள் உருட்டிக்கொண்டு போய்விடும். இரும்புக் கை வேண்டாம், பிள்ளைகள் இடித்துக்கொள்ளும். கடைசியில், மெத்தென்ற குஷனும் சாய்ந்த முதுகுமாக ஒன்று அமைந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் ஒரு பொருளைச் சும்மா கொடுத்துவிட முடியுமா? பெயர் எழுத வேண்டும். கோயில் டியூப்லைட்டைப் பாருங்கள், உபயதாரர் பெயர் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். எல்லார் பெயரும் வேண்டும் என்றார்கள் பாதிப் பேர். பணம் கொடுத்தவர்கள் பெயர் மட்டும் போதும் என்றார்கள் மீதிப் பேர். ஒரு வாரம் பேஜாரு. முடிவில் நாற்காலியின் முதுகில், பளிச்சென்று வெள்ளை எழுத்தில் எழுதினோம்: 'அன்பளிப்பு — எல்.கே.ஜி. பி பிரிவு பெற்றோர்கள்.'

ஆண்டு விழாவில் மேடையில் வைத்துக் கொடுத்தோம். ஜெயந்தி மிஸ் அதன் கையைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட்தான் முதலில் கை தட்டினார்.

மறுநாள் ஜன்னலில் பார்த்தேன். இருபத்தாறு சின்ன நாற்காலிகள். மிஸ் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே.

"ஆபீஸ்ல போட்டுக்கிறாங்க சார், வர்றவங்களுக்கு," என்றார். "வுடுங்க. நீங்கள்லாம் நெனச்சீங்களே, அதுவே போதும்."

போதுமா? நினைப்பில் உட்கார்ந்தால் கால் வலி நின்றுவிடுமா?

நேரே ஆபீஸுக்குப் போனேன். அதுதான் போன வியாழக்கிழமை.

"வாங்க சார், உக்காருங்க," என்றார் கரஸ்பாண்டன்ட். எதிரே எங்கள் நாற்காலி. நான் நின்றேன்.

"முட்டி வலின்னு சொல்வீங்களே... உக்காருங்க சார்."

"இது ஜெயந்தி மிஸ்ஸோட சேர்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே பேசினார். "ஸ்கூல் விழாவுல குடுத்தீங்க. ஸ்கூல்லதான இருக்குது? அன்பளிப்புன்னு எழுதிக்கிறீங்க, சரி. மிஸ் பேரு எங்க இருக்குது? காட்டுங்க."

நாற்காலியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கொடுக்கிறவர்கள் பெயரை எங்கே போடுவது, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். வாங்குகிறவர் பெயர் வேண்டும் என்று இருபத்தாறு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றி சொல்லப் போன இடத்தில்கூட நம் பெயரைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

"இன்னொண்ணும் சொல்றேன் சார்," என்றார் அவர். "சேர எடுத்தது நானா ஆசப்பட்டு இல்ல. 'பீஸ் வாங்கிக்கினு மிஸ்ஸு குந்திகினே இருக்காங்க'ன்னு அப்ப இருந்த பேரன்ட்ஸ்தான் வந்து கத்துனாங்க. நாளைக்கி மறுபடியும் கத்துனா யாரு பதில் சொல்றது?"

டேவிட்டுக்குப் போன் போட்டு, கரஸ்பாண்டன்ட் கேட்டதை அப்படியே சொன்னேன். ஸ்பீக்கரில் ஆலையின் இரைச்சல். அதற்கு மேல் அவர் குரல்.

"எவனாவது கத்துனா என் நம்பர் குடுங்க சார். மிஸ்ஸு குந்தக்கூடாதுன்னா, மொதல்ல நீ ஒரு நாளு புள்ளைய இடுப்புல வெச்சிகினு சாயந்தரம் வரைக்கும் நில்லுடான்னு நான் சொல்லிக்கிறேன்."

போனை வைத்தேன். அப்போதும் உட்காரவில்லை. வயதில் மூத்தவன் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது கரஸ்பாண்டன்ட்டுக்கு உறுத்தியிருக்க வேண்டும். அவரும் எழுந்துகொண்டார். நடுவில் நாற்காலி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் இருவர். பேச எனக்கு வேறெதுவும் இல்லை. போகவும் மனம் வரவில்லை. முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது.

கடைசியில் அவர்தான் ஆயாவைக் கூப்பிட்டார். "இத்த எடுத்துனு போயி எல்.கே.ஜி. பி-ல போடும்மா." பிறகு என்னைப் பார்த்து, "பாடம் எடுக்கிறப்ப மட்டும் உக்கார வேணாம்னு..." என்று ஆரம்பித்தார்.

"பாடம் எடுக்கிறப்பதான் சார் கால் வலிக்கிது," என்றேன். அதற்குள் ஆயா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஜெயந்தி மிஸ் கேட் வரை வந்தார். ஜூனில் வருவாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவராகவே சொன்னார்: "பாக்கலாம் சார்." 'வருவனோ இல்லியோ' என்பதைவிட இது கொஞ்சம் நல்ல வார்த்தைதான் என்று வைத்துக்கொண்டேன்.

கனிஷ்கா அன்று ரொம்ப அமைதியாக நடந்தாள். தெரு திரும்பியதும் என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, எங்க மிஸ்ஸுக்கு ஒடம்பு சரியில்ல."

நின்றேன். "யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. இன்னைக்கி மிஸ் உக்காந்துட்டாங்க."