கோழிக்குஞ்சுக்காக அப்பா சொரசொரப்பாக்கிய தரை

அப்பா மொசைக் தரைக்குப் பாலிஷ் போடும் வேலை செய்தார். சென்ற மாதம் இறந்துபோனார். நுரையீரல் முழுக்கக் கல் தூசி. மருத்துவர் சொல்லும் முன்பே எங்களுக்குத் தெரியும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அப்பா முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டார். குனிந்து, சன்னல் வெளிச்சம் தரையில் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். சன்னல் கம்பி நேராகத் தெரிந்தால் நல்ல வேலை. நெளிந்து தெரிந்தால், "தேய்க்கிற கல்லை மாத்தாமலே இழுத்திருக்கான்" என்பார். கடைசியாக ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, வராந்தாத் தரையைப் பார்த்தும் அதையே சொன்னார். நர்ஸ் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை கொடுக்க வருகிறவர்களை எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்துவார். "குனிஞ்சு பாருங்க, உங்க மூஞ்சி தெரியும்." தெரியும். அம்மா அதில் பலமுறை வழுக்கி விழுந்திருக்கிறாள்.

அந்தக் கூடத்தில் இப்போது சன்னல் மூலையிலிருந்து பின்வாசல் வரை மங்கலான பாதை ஒன்று போகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்டார்கள். அப்பாவோடு வேலை செய்த மெழுகு மாமா (மெழுகு பூசுவது அவர் பங்கு, அதனால் அந்தப் பெயர்) மிஷினைக் கொண்டுவந்து சரிசெய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு, ஒரு வீட்டில் புதுக்கூடத்துக்குப் பாலிஷ் போட்டுவிட்டு, மிச்ச வேலைக்காக அப்பா மறுபடி போயிருந்தார். மழை என்பதால் அந்த வீட்டார் கோழிக்குஞ்சுகளைக் கூடத்துக்குள் விட்டிருந்தார்கள். முட்டையிலிருந்து வந்து ஓரிரு நாள்தான் இருக்கும். ஒன்று மட்டும் எழ முடியாமல், கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, வயிறு தரையில் பட்டுக் கிடந்தது. "இது தேறாதுங்க. போறப்ப குப்பையில போட்டுடுங்க" என்று வீட்டுக்காரம்மா அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அப்பா குப்பைத்தொட்டியைத் தாண்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

அவர் மகளான நான் அப்போது வெளியூர் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. குஞ்சை எடுத்துப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை. மூட்டு விலகவில்லை. விரல்கள் நேராக இருந்தன. கால்களைச் சேர்த்துப் பிடித்தால் நின்றது. விட்டால் இரண்டும் இரண்டு பக்கம் வழுக்கிக்கொண்டு போயின.

"பிறவியிலேயே அப்படிம்மா" என்றார் அப்பா.

"பிறவி இல்லப்பா. பிடிமானம் இல்ல."

"எதுல பிடிமானம் இல்ல?"

அவர் போட்ட தரையில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது?

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு அந்தச் சங்கடம் இல்லை. குஞ்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வழவழன்னு எங்கயாவது விட்டு வச்சிருந்தாங்களா?" என்றார்.

அப்பா குனிந்து தரையைப் பார்த்தார்.

"எலும்பு இப்ப பிஞ்சு. கால் ரெண்டையும் சேர்த்துக் கட்டு போட்டு, சொரசொரப்பான எடத்துல விடுங்க. இந்த வாரத்துக்குள்ள நின்னாத்தான் உண்டு. இல்லன்னா இப்படியே இறுகிடும். அப்புறம் இழுத்துக்கிட்டுக் கிடக்க விடாம நீங்களே முடிச்சுடுறது நல்லது."

"நிக்கும்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்திரியை மெல்லிய கீற்றாக வெட்டினேன். அப்பா குஞ்சைப் பிடித்துக்கொண்டார். காலுக்கு ஒரு வளையம், நடுவில் ஒரு பாலம். கால்கள் உடம்புக்கு நேர் கீழே வந்தன. இனி அது நின்று பழக இடம் வேண்டும்.

சாக்கை விரித்தோம். இழையில் நகம் சிக்கிக் குப்புற விழுந்தது. போர்வை காலடியில் சுருண்டது. பின்வாசல் சிமெண்டுத் தரை பொருத்தமான இடம்தான். ஆனால் பூனை ஒன்று மதில்மேல் உட்கார்ந்து எங்கள் முயற்சிகளை அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தது. ரப்பர் விரிப்பு வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். வாசலைத் தாண்டவில்லை, உள்ளே கரகரவென்று சத்தம்.

அப்பா சன்னல் மூலையில் குத்துக்காலிட்டு, முரட்டுக் கல்லால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முரட்டுக் கல்லில் தொடங்கி நைஸ் கல்லில் முடிப்பதுதான் பாலிஷ். அப்பா தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏங்க! என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல?"

"இத்தனை வருஷமா விழுந்து விழுந்து எந்திரிச்சேன். ஒரு சாக்கு போடுங்கன்னு கெஞ்சினேன். மூடி வைக்கவா பாலிஷ் போட்டேன்னீங்க. இப்ப கோழிக்குன்னதும் கல்லைத் தூக்கிட்டீங்களாக்கும்?"

"உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

"இருந்துச்சு!"

சாம்பல் நிறச் சேற்றைத் துடைத்தார். ஒரு தட்டு அகலத்துக்குத் தரையின் பளபளப்பு செத்திருந்தது. சன்னல் கம்பியின் பிம்பம் அங்கே வந்து அறுந்தது. அப்பா குனிந்து பார்த்தார். பிறகு குஞ்சை அதன்மேல் வைத்தார்.

முதலில் மூக்கு குத்தி விழுந்தது. நெஞ்சுக்கடியில் ஒரு விரல் கொடுத்து நிமிர்த்தினார். மறுபடி விழுந்தது. மறுபடி நிமிர்த்தினார். வேலைக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இதுதான். அம்மா வெந்த முட்டையின் மஞ்சள்கருவை உதிர்த்து ஊட்டினாள். "சொந்தக்காரனையே தின்னக் குடுக்கிறோம்" என்று முனகுவாள், ஆனால் வேளை தவறமாட்டாள்.

வாரம் முடியும் தறுவாயில் பிளாஸ்திரிக் கட்டை வெட்டினேன். குஞ்சு ஆடியது. கால்கள் கொஞ்சம் அகன்றன. அதோடு நின்றுவிட்டன. இரண்டு எட்டு வைத்தது. மூன்றாவது எட்டு பாலிஷின்மேல் விழுந்தது. கால் பறந்தது, பழையபடி வயிற்றில் கிடந்தது.

அப்பா கல்லை எடுத்துவந்தார்.

அன்றிலிருந்து குஞ்சு எந்தப் பக்கம் போகப் பார்த்ததோ அந்தப் பக்கம் தேய்த்தார். அது வெளிச்சம் வந்த பின்வாசலை நோக்கியே போனது. கொஞ்சம் தேய்த்ததும் மூச்சு வாங்கும். சுவரில் சாய்ந்துகொள்வார். "குடுங்கப்பா, நான் தேய்க்கிறேன்" என்றால், "உனக்குக் கை சமமா வராது" என்பார். கெடுப்பதைக்கூட அவருக்குச் சமமாகக் கெடுக்க வேண்டும்.

"எங்க போறதா உத்தேசம்னு அதுகிட்டயே கேட்டு ரோடு போட்டுடுங்க" என்றாள் அம்மா.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். பாதை வாசற்படியைத் தொட்டுவிட்டது. அம்மா விளக்குமாறோடு வெளியே பூனைக்குக் காவல் நின்றாள். குஞ்சு அப்பாவின் முழங்கையைச் சுற்றிக்கொண்டு நடந்தது, படியின் விளிம்பில் நின்றது, சிமெண்டுத் தரையில் குதித்தது. விழவில்லை. எறும்பு ஒன்றைத் துரத்தியது.

அப்பா கையூன்றிச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர முடியவில்லை. குனிந்தபடியே கேட்டார்.

"இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சுப்பா."

"கால் ரெண்டும் ஒழுங்கா வைக்குதா?"

"எடது கால் கொஞ்சம் வெளிய போகுது."

கையூன்றியபடியே மூச்சு வாங்கினார்.

"போகட்டும்" என்றார். "எல்லாத்தையும் நேராக்கிக்கிட்டே இருக்க முடியுமா?"