இன்பமணி போட்ட கையெழுத்து

இன்பமணி ஃபோர்மேன் ஆனது தொழில் திறமையால் அல்ல, ஒரு கையெழுத்தால். மணப்பாட்டுக்காரர். 1976இல் அபுதாபிப் பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டராக இருந்தார். அந்த ஜூலையில் உச்சிவெயில் வேலையில் இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். கம்பெனிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வெல்டிங்கைச் சோதிக்க வந்த யாஸி அமெரிக்கப் பூர்வகுடி, நவஹோ இனத்தவர். ஒருநாள் இன்பமணியிடம் சொன்னார்: "எங்களிடம் தலைவன் உத்தரவு போடமாட்டான். கடைசி ஆளும் சம்மதிக்கும்வரை எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். எங்கள் மண்ணில் எண்ணெய் கிடைத்ததும் கம்பெனிகளுக்குக் கையெழுத்துப் போட ஆள் தேவைப்பட்டது. அதற்காகவே அரசாங்கம் எங்களுக்கு ஒரு கவுன்சில் செய்து கொடுத்தது."

இன்பமணிக்கு முதல் பாதி பிடித்துப்போயிற்று. இரண்டாம் பாதி காதில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை கேம்ப் மெஸ்ஸில் தொழிலாளர்கள் நாற்பது பேரும் கூடினார்கள். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஓய்வு கேட்க வேண்டும். காயல்பட்டினத்து கௌஸ் முகம்மது மட்டும் தயங்கினார். "ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டா எம்புள்ளைவ என்ன செய்யும்?" ஓட்டெடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். எடுக்கவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை பேசினார்கள். மூன்றாவதில் அவரே, "சரி, நானும் வாறேன்" என்றார். அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை இன்பமணி அதற்குமுன் பட்டதில்லை. கம்பெனி சொல்வதைக் கேட்டுவந்து எங்களிடம் சொல் என்று இன்பமணியையே அனுப்பினார்கள்.

மானேஜர் ஏ.சி. அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஒரு மணி நேரம் ஓய்வு, அதையும் மாலையில் ஈடுகட்ட வேண்டும். இப்போதே கையெழுத்து, இல்லையென்றால் நாற்பது பேருக்கும் விசா கேன்சல். "நீங்கள்தானே தலைவர்? உங்களால் முடிவெடுக்க முடியாதா?"

'அவங்ககிட்ட கேட்டுட்டு வாறேன் சார்' என்ற ஒரு வரி தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பயந்துதான் போட்டேன் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். பயம் இருந்தது உண்மைதான். தலைவர் என்று கூப்பிட்டதில் குளிர்ந்துபோனாரே, அதை மட்டும் சொல்லமாட்டார்.

மெஸ்ஸில் வந்து விஷயத்தைச் சொன்னபோது யாரும் கத்தவில்லை. கௌஸ் முகம்மதுதான் கேட்டார்: "எனக்கு ஒருத்தனுக்காவ மூணு வாரம் காத்துக் கெடந்தீங்களே அண்ணாச்சி, எங்க அத்தன பேருக்காவ ஒரு நாள் பொறுக்க முடியலியா?"

மறுவாரமே கம்பெனி அவரை ஃபோர்மேன் ஆக்கியது. டூட்டியில் அவர் சொன்னதை எல்லாரும் மறுபேச்சில்லாமல் செய்தார்கள். மெஸ்ஸில் வந்து உட்கார்ந்தால் மட்டும், ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அந்தக் கேம்ப்பில் அவர் இன்னும் மூன்று வருஷம் இருந்தார்.