எழுபது ஊர்களும் கீழ்பென்னாத்தூர் அக்காவும்

போன வாரம் கைப்பேசியில் ஒரு படம் பார்த்தேன். கிரேக்க நாட்டு மலையொன்றின் மேல் கசோப்பே என்னும் பழைய ஊரின் இடிபாடு. நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். வழிப்போக்கர் தங்கிய விடுதியாம். எங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைப் போலவே இருந்தது, கூரைதான் இல்லை. இங்கே இருந்தவர்கள் எல்லாம் எங்கே போயிருப்பார்கள் என்று மனம் தானாகக் கேட்டது. கேட்டதுமே முகம் சுட்டது. இரண்டு வருடம் முன்பு இதே கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்.

வேங்கிக்காலில் அரசுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் வரலாறு எடுக்க அப்போதுதான் சேர்ந்திருந்தேன். யாராவது சந்தேகம் கேட்டால், "பரீட்சைல வருமா?" என்று வகுப்பைப் பார்ப்பேன். "வராது சார்" என்று எல்லோரும் கோரஸாகச் சொல்வார்கள். நான் பழக்கிய பழக்கம் அது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர் மட்டும் அந்தக் கோரஸில் சேரமாட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "தம்பி சார்" என்றுதான் கூப்பிடுவார். தேர்வெழுத வீட்டில் ஒரே ஒரு வருடம்தான் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள், பாடத்திலேயே இல்லாத கதையொன்றைப் பெருமைக்காக அவிழ்த்துவிட்டேன். மக்கெதோனியாவை வென்ற ரோமர்கள், பக்கத்திலிருந்த எபிரஸ் நாட்டில் எழுபது ஊர்களை ஒரே நாளில் சூறையாடிய கதை. அக்கா எழுந்தார்.

"அந்த ஊர் ஜனங்கல்லாம் அப்புறம் இன்னா ஆனாங்க தம்பி சார்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பைப் பார்த்து, "பரீட்சைல வருமா?" என்றேன்.

"வராது சார்."

"அக்காவுக்கு மட்டும் தனி சிலபஸ் போல," என்றும் சேர்த்துக்கொண்டேன். சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து வரவில்லை.

சில மாதங்கள் கழித்து பஸ் நிலையத்தில் அவரைக் கண்டு ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"இன்னா தம்பி சார், பாக்காத மாதிரி போறீங்க?"

"இல்லக்கா... பரீட்சை எழுதுனீங்களா?"

"எங்க எழுதறது. அதை வுடுங்க. அந்த எழுபது ஊர் கதைய எம்பொண்ணுகிட்ட சொன்னேன். அவளும் அதையேதான் கேட்டா. பரீட்சைல வராதுடினு சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினேன்.

படத்தைப் பார்த்த அன்றே தேடிப் படித்தேன். கசோப்பேயும் அந்த எபிரஸ் நாட்டில்தான் இருந்திருக்கிறது. பொன்னையும் வெள்ளியையும் காலையில் கொண்டுவந்து வையுங்கள், படை விலகிவிடும் என்று ஊர்ப் பெரியவர்களை ரோமர்கள் நம்பவைத்திருக்கிறார்கள். வைத்தபின், குறித்த நேரத்தில் எல்லா ஊர்களிலும் ஒன்றாகப் புகுந்திருக்கிறார்கள். ஒன்றரை லட்சம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்களாம். பத்து நிமிடத்தில் கிடைத்த பதில். இதற்குப் போய் ஒருவரை வகுப்பைவிட்டே அனுப்பினேன்.

கசோப்பே படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். நாளை ஞாயிறு, கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுகிறேன். அக்கா திரும்ப வகுப்புக்கு வருவாரா, தெரியாது. கூரையில்லாத அந்த அறைகளை அவர் மகள் கையில் கொடுக்க வேண்டும். யார் எங்கே போனார்கள் என்பதைப் பிறகு சொல்லலாம். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை, அந்தப் பெண்ணின் காதுபட, அக்காவிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன்.