பதினோராவது தூக்குவாளி

காலை 5.10, போடிநாயக்கனூர்.

மலைக்குப் போக பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. எனக்கோ எஸ்டேட் ஜீப்பில்தான் ஏற வேண்டும் என்று ஒரு பித்து. நான் தரங்கம்பாடிக்காரன். விடிந்தால் கடல், அடைந்தால் கடல். எங்கள் ஊருக்கு ஓய்வெடுக்க வருகிறவர்கள் இரண்டு நாள் மணலில் உட்கார்ந்துவிட்டு, “அடடா, என்ன அமைதி!” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் எங்காவது போய் அப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பல வருஷ ஆசை. தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிற மலைத்தலைப்பில் போடிமெட்டு என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ஓர் அறை, நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று பேசி வைத்திருந்தேன்.

இரவு தங்கிய நண்பர் வீட்டில் இட்லி அவித்து, ஒரு தூக்குவாளியில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று தெருமுனையில் நின்றது. ஓட்டுநர் முருகேசனிடம் பேச்சுக் கொடுத்தேன். முன்சீட்டில் இடம் உண்டு, நூறு ரூபாய் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஜீப்பின் பின்பக்கம் ஒரு இரும்புக் கம்பி, அதில் வரிசையாகப் பெண்களின் தூக்குவாளிகள் தொங்கின. அட, நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று நானும் என் வாளியை அங்கேயே மாட்டிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன். ஊரோடு ஒட்டிப் பழகுகிறேனாம்!

முருகேசன் திரும்பி வந்தார். கம்பியை ஒரு பார்வை பார்த்தார், உதட்டை அசைத்து எண்ணினார், வண்டியை எடுத்தார். ஆட்களை எண்ணவில்லையா என்று கேட்டேன்.

“ஆள எங்க சார் எண்ணுறது? இருட்டுக்குள்ள எல்லாம் போர்வையச் சுத்திக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துருக்கும். தூக்குவாளிய எண்ணுனாப் போதும். சோறு இல்லாம எவளும் மல ஏற மாட்டா. பதினொண்ணு இருக்கு, கெளம்பியாச்சு” என்றார்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நான் வியந்துபோய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

6.20, மலைப்பாதை.

முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் சாலை எழும்பத் தொடங்குகிறது. போடியிலிருந்து உச்சி வரை இருபத்தாறு கிலோமீட்டர் இருக்கும், கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. கீழே தேவாரம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வெளுத்துத் தெரிந்தன. ராத்திரி அங்கே யானை இறங்கிவிட்டதாம், வாழைத்தோட்டம் போயிற்றாம். பின்னால் பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பாதி மலையில், ஊற்று விழுகிற ஓரிடத்தில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றது. எனக்குப் பசி. பின்பக்கம் போய் என் வாளியைக் கழற்றி ஓர் இட்லியை வாயில் போட்டேன். ஒரு பெண் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது ஒங்களதா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அடியே, அப்ப பாண்டியம்மா எங்கடி?”

போர்வைகள் எல்லாம் விலகின. உள்ளே பத்துப் பேர்தான் இருந்தார்கள். சிலமலையிலிருந்து முதல் பஸ்சில் வந்து கடைசியாக ஏறுகிற பாண்டியம்மாவைக் காணோம். நான்தான் பதினோராவது. வாளியை மூடிவிட்டேன்.

மற்ற நாளாக இருந்தால் ஒரு நாள் வேலை போயிற்று என்று விட்டுவிடலாமாம். இன்றைக்குப் புதுச் சுற்று காய் எடுப்பு தொடங்குகிறது. முதல் நாள் நிரையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பேரைத்தான் மேஸ்திரி எழுதுவார். அந்தச் சுற்று முடிய இருபத்து மூன்று நாள் ஆகும், அதுவரை வேலை அவர்களுக்கு மட்டும்தான். நடுவில் யாரையும் சேர்ப்பதில்லை. திரும்பிப் போய் அழைத்து வரலாமே என்றேன். “பத்துப் பேரு சோலி போயிரும் சார்” என்றார் முருகேசன். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். செல்போனில் சிக்னலும் இல்லை. எனக்கு அழுகை வராத குறைதான்.

7.00, போடிமெட்டு.

உச்சியில் சிக்னல் கிடைத்தது, பெண்கள் போன் போட்டார்கள். பாண்டியம்மா போடியில், ஜீப் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பஸ்சைப் பிடித்து வருகிறேன் என்றாராம். அவரைப் பார்த்துச் சொல்ல நான் இறங்கிக்கொண்டேன். நான் இறங்கிக்கொண்டேன்.

பஸ் வருவதற்குள், ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஊரை மூன்று முறை சுற்றிவிட்டேன். சுற்ற என்ன இருக்கிறது! இரண்டு மாநிலத்துச் சோதனைச்சாவடிகள், நாலு டீக்கடை, ஏலக்காய் பொட்டலம் விற்கிற கடைகள், சரிவில் தகரக்கூரை போட்ட விடுதிகள். டீ பன்னிரண்டு ரூபாய், அதில் தட்டிப் போட்ட ஒற்றை ஏலக்காய். கிழக்கே விளிம்பில் நின்றால் தேனிச் சமவெளி முழுக்கப் பனிமூட்டம். நடுவில் ஒரு குன்று மட்டும் தலைநீட்டிக்கொண்டிருந்தது. மேற்கே திரும்பினால் ஒரே ஈரப்பச்சை, மரநிழலில் ஆளுயர ஏலச்செடிகள். ஒரு மலைக்குருவி கத்தினால் ஊருக்கே கேட்கிற அமைதி. நான் தேடி வந்தது இதைத்தான். ஆனால் கண் என்னவோ பஸ் வருகிற வளைவிலேயே கிடந்தது.

8.45.

பஸ்சிலிருந்து ஒரே ஒரு பெண் இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும், முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எதிரில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார்.

“அந்தத் தூக்கு நீங்கதானா?” என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் வந்து மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். “வர்றதுன்னா வெரசா வாங்க” என்று நடக்கத் தொடங்கிவிட்டார். பூப்பாறை போகிற சாலையில் மூன்று கிலோமீட்டர். அவர் நடந்தார், நான் ஓடினேன். மூச்சு வாங்கியபடியே கேள்விகளும் கேட்டேன், புத்தி அப்படி. மகள் தேனியில் நர்ஸ் படிப்பு, இரண்டாம் வருஷம். சொந்தமாக அரை ஏக்கர் இருக்கிறது, கிணறு வற்றிவிட்டது. இந்தச் சுற்றை விட்டால் அடுத்த சுற்றுக்கு நாற்பது நாளுக்குமேல் காத்திருக்க வேண்டும். மகளுக்குப் பருவக் கட்டணம் கட்டும் தேதி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இவ்வளவையும் திரும்பிப் பாராமலே சொன்னார்.

9.30, தோட்டம்.

மேஸ்திரி எல்லைப்புறத்துக்காரர், தமிழில் மலையாளம் கலந்து பேசுகிறவர். நான் என் குற்றத்தை விளக்கமாக, உருக்கமாகச் சொல்லி முடித்தேன். அவர் நோட்டை மூடினார்.

“சாரே, பேரெழுதிக் கழிஞ்சு. நேரம் வைகி வர்ற எல்லாரும் ஒரு சாட்சியக் கூட்டிட்டு வந்தா நான் எந்தா செய்யும்?”

நான் மறுபடி வாயெடுத்தேன். பாண்டியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க பேசாம இருங்க சார். இதுவரைக்கும் செஞ்சது போதும்.”

இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நேரே தோட்டத்துக்குள் இறங்கினார். பத்துப் பெண்களும் தலைக்கொரு நிரையாகச் செடிகளுக்கு நடுவே குனிந்து முன்னேறியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு நிரை மட்டும், ஒரு காய்கூடத் தொடாமல் அப்படியே நின்றது. விட்டுப்போன நிரையை எல்லாரும் பங்கு போட்டு எடுங்கள் என்று மேஸ்திரி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாராம். யார் காதிலும் விழவில்லையாம்!

பாண்டியம்மா அந்த நிரையின் முதல் செடியில் குந்தினார். ஏலக்காய் உச்சியில் காய்ப்பதில்லை, செடியின் காலடியில் மண்ணோடு படர்கிற சரத்தில் காய்க்கிறது. அதில் முற்றியதை மட்டும் கிள்ள வேண்டும், பிஞ்சைத் தொடக்கூடாது. இரண்டும் எனக்கு ஒரே பச்சையாகத்தான் தெரிந்தன. அவர் விரல்கள் பார்க்காமலே பிரித்தன. மதியம் மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அட்டைக்கடி வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அறைக்குப் பேசிய ஆயிரத்து இருநூறு நினைவிலேயே இல்லை.

3.30.

நிறுக்கிற நேரம். பதினொரு நிரையும் மேட்டில் ஒன்றாக வந்து முடிந்திருந்தன. மேஸ்திரி முதலில் பாண்டியம்மாவின் சாக்கைத்தான் இழுத்தார். அவசரத்தில் எடுத்தவர்தானே, பிஞ்சு கலந்திருக்கும் என்ற கணக்கு. முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். கொட்டினார், மறுபடி அள்ளினார். நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் நோட்டைத் திறந்து, “இனிஷியல் எந்தா?” என்று கேட்டார்.

பாண்டியம்மா சொன்னார். காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார்.

திரும்புகிற ஜீப்பில் போடிமெட்டு வரை என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அறை வாசலில் இறங்கியதும், மன்னிப்புக் கேட்கலாமென்று அவர் பக்கம் போனேன். எங்கள் ஊருக்கு வந்து, வலையை இழுத்துப்போட்டு, படகுமேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்து நான் எரிச்சல்படாத நாளில்லை. அவர்களும் கடைசியில் இப்படித்தான் அசட்டுச் சிரிப்போடு எதையோ சொல்ல வருவார்கள். என் வாயிலும் ஒழுங்காக ஒன்றும் வரவில்லை.

“பேரு ஏறிருச்சுல்ல, விடுங்க சார்” என்றார் பாண்டியம்மா. வண்டி நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டினார். “நாளைக்குக் கீழ எறங்கையில பஸ்சுல போங்க.”

மறுநாள் காலை 7.40 பஸ்சில் ஏறினேன். ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே யாராவது வருகிறார்களா என்று நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.