நாற்பது ஆரஞ்சும் ஏழு தட்டும்

"புருஷன் படுக்கையில கிடந்தப்ப கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தவ." சீதாலெட்சுமியைப் பற்றி அவள் புகுந்த வீட்டார் இன்றும் இப்படித்தான் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கவாதத்தில் கிடந்த அவள் கணவர் இராமலிங்கத்தைப் பகலில் கவனித்துக்கொண்ட தாதி நான். அந்தப் படுக்கையருகே இவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சீதா கிள்ளானில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்குக் கணிதம் கற்பிக்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து ரயிலில் போய்வருவாள். வந்ததும் கைகழுவி, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, கஞ்சி ஊட்டுவாள். அதன் பிறகுதான் தன் முதுகலை ஆய்வுத் தாள்களை எடுப்பாள். கடைசிவரை அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

"அந்தத் தாள்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டில் ஐந்து ஆரஞ்சுகளை வைத்தாள்.

"இதக் குவியலாப் பிரிங்க ஆன்டி. ஒரே அளவு ரெண்டு தடவ வரக்கூடாது."

ஐந்து, நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும். மூன்று வழி.

"இப்ப ஒற்றைப்படைக் குவியல் மட்டும். ஒரே அளவு எத்தன தடவ வேணும்னாலும் வரலாம்."

ஐந்து, மூன்றும் ஒன்றும் ஒன்றும், அப்புறம் ஐந்தும் தனித்தனியாக. அதுவும் மூன்றுதான். எந்த எண்ணை எடுத்தாலும் இரண்டு கணக்கும் சமமாகவே வரும் என்றாள்.

அதற்குக் காரணம் முடிவே இல்லாத இரண்டு பெருக்கல்கள். முதலாவதில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அடைப்புக்குறி உண்டு. அந்த அளவை ஒருமுறை எடு, இல்லையென்றால் விடு. எல்லா அடைப்புக்குறிகளையும் பெருக்கினால், பிரிக்கும் வழிகள் அத்தனையும் தாமாகவே எண்ணப்பட்டுவிடும். இரண்டாவதில் ஒற்றைப்படை அளவுகளுக்கு மட்டுமே இடம், ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். பார்வைக்கு இரண்டும் வேறு வேறு. அடித்துச் சுருக்கினால் இரண்டும் ஒன்றே.

"கணக்கு முடிஞ்சா ஒண்ணு உரி," என்று இராமலிங்கம் குழறினார். உரித்து ஊட்டினாள். அந்த வீட்டில் கணக்கு அப்படித்தான் நடந்தது.

அவர் இறந்த மறுவருடம் மகள் தாமரைக்குக் கிள்ளான் மண்டபமொன்றில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் வரிசைத் தட்டுகளில் முதலாவதை அம்மாதான் தூக்க வேண்டும் என்று தாமரை சொல்லியிருந்தாள். இராமலிங்கத்தின் அக்கா புஷ்பவல்லி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"புருஷன் இல்லாதவ கை தட்டுல படக்கூடாது. அவ ஓரமா உட்காரட்டும்லா."

பெற்று வளர்த்தவளுக்குக் கழிப்பறைப் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். சீதா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

புஷ்பவல்லியின் சட்டம் இது: தட்டு ஏழு. ஒவ்வொன்றிலும் பழம் ஒற்றைப்படை. பிரித்த பெட்டியில் ஒரு பழமும் மிஞ்சக்கூடாது. பெட்டியில் இருந்தவை நாற்பது ஆரஞ்சு. ஆறு தட்டில் ஐந்தைந்து வைத்தார்கள். ஏழாவதில் பத்து வந்தது. கலைத்து மாற்றினார்கள், வேறொரு தட்டு இரட்டைப்படையானது. மறுபடியும் பழையபடி அடுக்கினார்கள். மறுபடியும் பத்து.

"எவளோ ஒரு பழத்தத் தின்னுட்டா!" என்று புஷ்பவல்லி கத்தினாள்.

"யாரும் தின்னலக்கா," என்றாள் சீதா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "விடிய விடிய அடுக்கினாலும் வராது. ஏழு ஒற்றைப்படையக் கூட்டினா ஒற்றைப்படைதான் வரும். நாற்பது வராது."

"அப்ப ஒரு தட்டக் குறைச்சிடவா?"

"குறைங்க. ஆறு தட்டு இரட்டைப்படையாச்சே, பரவாயில்லயா?"

"அத்த, மாப்பிள்ள வீட்டுக்காரங்க சுபாங் ஜெயா தாண்டிட்டாங்களாம், இப்ப வந்துருவாங்க!" என்றாள் தாமரை, கைப்பேசியைப் பார்த்தபடி.

புஷ்பவல்லி சீதா பக்கம் திரும்பினாள். "பெரிய டீச்சர்தானே, நீயே ஒரு வழி சொல்லேன்!"

சீதா எழுந்தாள். நேராகப் போய்ப் பத்துப் பழத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். நிதானமாக உரித்தாள். சுளை சுளையாகத் தின்றாள்.

"ஐயோ, தொட்டுட்டியே!"

"தொட்டேன். தின்னுட்டேன். ஒன்பது இருக்கு, எண்ணிக்குங்க. மிச்சமும் இல்ல." கையைத் துடைத்துக்கொண்டாள். "என் கை பட்ட தட்ட இனி இங்க யாரும் தூக்கமாட்டீங்க. இது இல்லன்னா ஆறுதான். அதனால இத நான்தான் தூக்கணும்."

தூக்கினாள். தாமரை அவளுக்கு முதலிடம் விட்டு விலகி நின்றாள். மற்ற ஆறு தட்டுகளும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தன.

காலியான நாற்காலியை இழுத்துவந்து புஷ்பவல்லியிடம் போட்டேன். "உட்காரும்மா. ஒனக்கு பிரஷர் இருக்கு."