ரொட்டி வண்டிக்கு ஒரு ஜன்னல்

பாத்திரக்கடைக்காரனுக்கு ஒரு திமிர் உண்டு. ஒரு குடும்பத்துக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்பது தன்னைவிட வேறு யாருக்கும் தெரியாது என்று நினைப்பான். எனக்கும் அது இருந்தது. மதகடிப்பட்டில் விழுப்புரம் ரோட்டின் மேல், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே என் கடை. பெண்ணுக்குச் சீர் வாங்க வருகிறவர்களிடம் பட்டியல் கேட்க மாட்டேன், நானே எடுத்து அடுக்கிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் எழுபதுகளின் கடைசியில் ஒரு பழைய வண்டியை வாங்கி, அதற்குள் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிடத் தேவையான சாமான்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன். எல்லாம் என் மனைவிக்காக. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

அவளுக்கு முதுகெலும்பில் அடி. கடை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு செம்புத் தவலையை எடுக்கும்போது ஸ்டூலோடு விழுந்தாள். ஏறச் சொன்னது நான்தான். அன்றைக்குக் கடையில் கூட்டம், எனக்குக் கால் வலி. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, உட்காரக் கூடாது, மல்லாந்தே படுத்திருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். தலையைத் திருப்பலாம், கையை ஆட்டலாம், அவ்வளவுதான். கடைக்குப் பின்னாலிருந்த அறையில், வண்டி வருவதற்குள் மூன்று வருஷம் அப்படிக் கிடந்துவிட்டாள்.

அதற்கு முன்னால் அவள் இடம் கடையின் வாசல் ஓரம். ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து பாத்திரம் துடைத்துக்கொண்டே, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நடையை வைத்தே சொல்லிவிடுவாள். "அந்தப் பச்சப் பொடவ இருக்குதே, அது பொண்ணு கல்யாணத்துக்கு அண்டா பாக்க வருது. பின்னால வர்றவரு வாங்க மாட்டாரு, வெல கேட்டுட்டுப் பூடுவாரு." பத்துக்கு எட்டு பலிக்கும். நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேனே தவிர, கடையை நடத்தியது அவள் கண்தான்.

படுக்கையில் விழுந்த முதல் வருஷம் ஒரு நாள் கண்ணாடி கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் அவ்வளவு வற்றிப்போயிருந்தாள். "ரசம் பூட்டுது, வேற வாங்கியாறன்" என்று பொய் சொல்லிக் கண்ணாடியைக் கடை மாடத்தில் கவிழ்த்து வைத்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் வாங்கிவரவில்லை. எங்களுக்குள் அது பேசாமலே முடிந்துபோன சங்கதி.

வண்டி ஆசை எனக்கு வந்தது ஒரு வெள்ளைக்காரத் தம்பதியால். அவர்களுடைய வேன் எங்கள் ரோட்டில் ரிப்பேராகி நின்றது. பால் காய்ச்ச ஒரு குண்டான் வாங்க வந்தார்கள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை எல்லாம் இருந்தது. அந்த அம்மாள் படுத்தபடி புத்தகம் படித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாளாம். உள்ளே ஓடிவந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"அந்தக் கட்டில்ல படுத்துக்கினே ரோடு தெரியுமா?"

"தெரியும்."

"கடலு வாணாம், கோயிலு வாணாம். நாலு பேரு நடந்து போறத பாத்தா போதும் எனக்கு."

புதுச்சேரி டவுனில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் தன் பழைய வண்டியைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிவிட்டேன். நாலு பக்கமும் தகடு அடித்த பெட்டி, பின்னால் இரட்டைக் கதவு, பக்கத்தில் ஒரு பொந்துகூட இல்லை. உள்ளே ஏறினால் வெந்த மாவின் வாசனை. அதை எவ்வளவு கழுவியும் எடுக்க முடியவில்லை. வில்லியனூர் வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். கட்டில் காலிலிருந்து அவள் கண் மட்டம் வரைக்கும் ஒரு சணல் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவள் சிரித்தாள். "எனக்கு எதுக்கு அளவெடுக்கிறீங்க? ரவிக்கையா தெக்கப் போறீங்க?" அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பட்டறைக்காரர் முடிச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா மொதலாளி, முட்டிக்குக் கீழ ஜன்னல் வெக்கச் சொல்றீங்க? கோழியா ஏத்தப் போறீங்க?" எனக்குக் கோபம் வந்தது. முடிச்சு இருக்கிற இடத்தில் வெட்டு, உன் புத்தியை வேறு எங்காவது காட்டு என்றேன். வெட்டினார். இடது பக்கச் சுவரில் நல்ல அகலமான ஜன்னல், சறுக்கித் திறக்கிற கண்ணாடி.

அதன் பிறகுதான் என் திமிர் வேலை செய்தது. பம்ப் ஸ்டவ் ஒன்று, ஆடினாலும் கவிழாதபடி அதற்கு இரும்புச் சட்டம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரம். தண்ணீருக்கு, அடியில் குழாய் வைத்துப் பற்றவைத்த தகர டிரம். ரப்பர் ஷீட், பெட் பேன், அவளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்ட அகலமான நாடா. அரிக்கேன் விளக்கு. பாட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி. ஒவ்வொன்றையும் அவள் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டுவேன். "இத்தயெல்லாம் வெச்சிக்கினு எந்தக் காட்டுக்குக் குடி போறோம்?" என்பாள். டிரம்மும் ஸ்டவ்வும் பின்கதவு ஓரம் போயின. பாத்திரங்கள் வலது பக்கம், ரொட்டித் தட்டு வைத்திருந்த அலமாரியில். இடது பக்கச் சுவரை மட்டும் வெறுமனே விட்டேன். கட்டில் அங்கே ஜன்னலை ஒட்டிப் போட வேண்டும், வேறு எதுவும் அங்கே வரக் கூடாது.

இந்த இடத்தில்தான் எங்கள் ஜனங்கள் வந்தார்கள். கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, தண்ணீர் வருகிறது, அப்புறம் அது வீடுதானே என்றாள் என் அக்கா. வீடென்றால் பால் காய்ச்ச வேண்டாமா? நானும் தலையாட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. பால் பொங்கிவிட்டால் அது புது வீடு. புது வீட்டுக்கு வெறுங்கையோடு யார் வருவார்கள்? அக்கா ஒரு அம்மிக்கல்லோடு வந்தாள். ஓடுகிற வண்டிக்கு அம்மியா என்று கேட்டதற்கு, "அம்மி இல்லாத வூடு உண்டாடா?" என்று ஒரு அதட்டு. எதிர்க்கடைக்காரர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார். சாமி படம் மட்டும் ஐந்து வந்தது. நாள் முழுக்கச் சீர்ச் சாமான் விற்றுப் பிழைக்கிறவன் நான், சீரை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

பால் பொங்கி முடிந்த நேரத்தில் பாகூரிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் என் மனைவியின் தம்பி. எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவன் கல்யாணத்தில் நாத்தனார் முறைக்கு இவளை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அவள் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். இரண்டு பக்கமும் வீம்பு. அவள் விழுந்தபோதுகூட அவன் வரவில்லை. இப்போது அக்காவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மனிதன் அழுதான். அவள் கையை நீட்டி அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாட்டு வண்டியில் இருந்தது ஒரு இரும்பு பீரோ. ஐந்தடி உயரம், புது பெயிண்ட், கதவு முழுக்கக் கண்ணாடி என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இத்த வூட்டுக்குள்ள வெச்சிக்கலாமே" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மாமா, வண்டிதானே புது வூடு? பொறந்த வூட்டுச் சீரு புது வூட்ல நிக்காம பழைய வூட்ல நின்னா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் புரிந்தது, கண்ணாடி உட்பட. "இருக்கட்டுங்க, எந்தம்பி கொண்டாந்தது" என்றாள்.

பீரோவுக்கு இடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, நான் வெறுமனே விட்ட இடதுபக்கச் சுவர். ஓட்டத்தில் கவிழ்ந்துவிடக் கூடாதென்று பட்டறைக்காரர் வந்து அடியில் போல்ட் போட்டு முடுக்கினார். ஜன்னல் பீரோவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கட்டிலை நடுவில் போட்டோம். பட்டறைக்காரர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார், கேலி எதுவும் பண்ணவில்லை. அவர் போனபின் நான் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை பீரோக் கதவின் மேல் செருகித் தொங்கவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, ஆறு பேர் சேர்ந்து அவளைப் பலகையில் வைத்து மெல்ல ஏற்றிவிட, புறப்பட்டோம். அன்றைக்குச் சந்தை, ரோடு முழுக்க ஆள் நடமாடும் என்று நான் முன்பே குறித்து வைத்திருந்த நாள். மாற்றத் தோன்றவில்லை. நல்லவாடு வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. டிரைவர் முன்னால். மச்சானும் நானும் பின்னால், அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தோம். பின்கதவின் மேல்பக்கம் சதுரமாக ஒரு கம்பி வலை இருந்தது. அதன் வழியாக நான் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"தோ, மாடு ஓட்டிக்கினு ஒருத்தரு போறாரு. கூட ஒரு பொம்பள, தலையில ஒரு கூடை."

"எப்டி நடக்குது அது?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடந்துதான் போனாள். இருபது வருஷம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நடையைப் பார்க்க நான் கற்றுக்கொள்ளவில்லை. "சும்மா நடக்குது" என்றேன். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

வில்லியனூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அம்மிக்குழவி உருண்டு டிரம்மில் மோதியது, கடிகாரம் நின்றது, துண்டு நழுவிக் கீழே விழுந்தது. நான் பாய்ந்து எடுக்கப் போனேன். அவள் தலை ஏற்கெனவே பீரோப் பக்கம் திரும்பியிருந்தது.

"வுடுங்க" என்றாள்.

துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. "சீரு எப்டிக்கா இருக்குது?" என்று பெருமையாகக் கேட்டான். "நல்லா இருக்குடா" என்று சொன்னாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நல்லவாட்டில் வண்டி நின்றதும் மீன் விற்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பின்கதவைத் திறந்தேன். கதவருகே டிரம்மும் ஸ்டவ்வும் மறித்துக்கொண்டிருந்தன. படுத்திருப்பவளுக்கு அவற்றின் முதுகும் மேலே கொஞ்சம் வானமும்தான். கட்டிலோடு இறக்கலாமென்று நானும் மச்சானும் தூக்கிப் பார்த்தோம். ஒரு விரற்கடை உயர்வதற்குள் அவள் கத்திய கத்தலில் வைத்துவிட்டோம். ஒரு மீன்காரப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, பீரோக் கண்ணாடியில் தன் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போகலாம் என்றாள்.

மச்சான் தவளக்குப்பத்தில் இறங்கிக்கொண்டான். அப்புறம் நாங்கள் இருவர்தான். சும்மா வர முடியாமல் கேட்டேன், "இன்னா பாத்த?" என்று.

"என்னையேதான் பாத்துக்கினு வந்தன்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்: "இப்டி வத்திப் பூட்டன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

பீரோவைக் கழற்றிவிடுகிறேன், உன் தம்பிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கெஞ்சினேன். "வாணாம், பாத்தாச்சு" என்பாள். அந்த வண்டியில் அவள் மறுபடி ஏறவில்லை. தம்பி மட்டும் மாதம் ஒருமுறை தவறாமல் வந்தான். வரும்போதெல்லாம் வண்டிக்குப் போய் பீரோவைத் துடைத்துவிட்டு வருவான். அவன் வந்தால் அவளுக்குச் சந்தோஷம். அதை நான் எப்படிக் கெடுப்பது? இரண்டு வருஷம் கழித்து ஒரு மாசி மாதத்தில், பின்னறையில், கூரையைப் பார்த்தபடியே போய்ச்சேர்ந்தாள்.

கருமாதி முடிந்தபின் தம்பியே சொன்னான், "பீரோவ வூட்டுக்குள்ள வெச்சிக்கோ மாமா, வண்டியில இன்னாத்துக்கு அது?" என்று. பட்டறைக்காரரைக் கூப்பிட்டு போல்ட்டைக் கழற்றினோம். பீரோ நகர்ந்ததும் ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. எல்லோரும் போனபின், வண்டி என் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தபோது, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டு நான் மல்லாந்து படுத்துத் தலையைத் திருப்பினேன். விழுப்புரத்திலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கினவர்கள் ஒவ்வொருவரும் தலை முதல் கால் வரை தெரிந்தார்கள், நடந்து போகிற வரைக்கும் தெரிந்தார்கள். கயிறு பிடித்த அளவு சரியாகத்தான் இருந்தது.